துகள்கள் திரள்வதும் திரள்கள் உடைவதும்: கணக்கிடத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புகையில் மிதக்கும் கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகின்றன. மேகத்துக்குள் நீர்த்துளிகள் மோதி இணைந்து மழைத்துளியாகின்றன. அளவுக்கு மீறிப் பெருத்த துளி விழும்போதே சிதறுகிறது. கலங்கிய நீரில் படிகாரம் கரைத்தால் களிமண் துகள்கள் திரண்டு அடியில் படிகின்றன. வேகமாகக் கலக்கினால் அதே திரள்கள் பிய்ந்துபோகின்றன. சனிக்கோளின் வளையங்களில் பனிக்கட்டிகள் மோதி ஒட்டுவதும் மோதி உடைவதும் ஓயாமல் நடக்கின்றன. ஒன்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியது, மற்றொன்று தொலைநோக்கியில் பார்க்க வேண்டியது. இரண்டுக்கும் எழுதப்படும் சமன்பாடு மட்டும் ஒன்றே.

இந்தத் துறைக்குள் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அழகான திரள் படங்களைப் பார்த்துவிட்டு, வடிவத்திலிருந்தே தொடங்க விரும்புகிறார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் வரிசையை மாற்றச் சொல்வேன். முதலில் எண்ணிக்கை, பிறகு வீதம், அதன் பிறகே வடிவம். ஒவ்வொரு படியிலும் கையால் சரிபார்க்கக்கூடிய ஓர் எண் இருக்க வேண்டும். அந்த எண் கிடைக்காத வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். பள்ளி இறுதி வகுப்பு அளவுக்கு நுண்கணிதமும், ஏதாவது ஒரு நிரல்மொழியில் கொஞ்சம் பழக்கமும் இருந்தால் போதும்.

எதை எண்ணுவது என்று முடிவு செய்யுங்கள்

பிரிக்க முடியாத மிகச் சிறிய அலகைத் தனித்துகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு திரளின் அளவு என்பது அதில் அடங்கிய தனித்துகள்களின் எண்ணிக்கை. இப்போதைக்கு அதன் வடிவம், நிறம், வேகம் எதுவும் வேண்டாம். அளவு 1 எத்தனை, அளவு 2 எத்தனை, அளவு 3 எத்தனை என்று ஒரு பட்டியல் மட்டும் போதும். இந்தப் பட்டியலுக்குத்தான் அளவுப் பரவல் என்று பெயர்.

பட்டியலை வரவு செலவுக் கணக்கைப் போல நடத்துங்கள். ஒரு மூன்றும் ஒரு ஐந்தும் இணைந்தால், மூன்றில் ஒன்று பற்று, ஐந்தில் ஒன்று பற்று, எட்டில் ஒன்று வரவு. எட்டு உடைந்து இரண்டும் ஆறும் ஆனால் அதே கணக்கு எதிர்த்திசையில் நடக்கும். இதில் இரண்டு மொத்தங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். ஒன்று, எல்லாத் திரள்களிலும் உள்ள தனித்துகள்களின் கூட்டுத்தொகை, அதாவது மொத்த நிறை; அது ஒருபோதும் மாறக்கூடாது. மற்றொன்று திரள்களின் எண்ணிக்கை; ஓர் இணைவுக்கு ஒன்று குறையும், இரண்டாக உடையும் ஒவ்வோர் உடைவுக்கும் ஒன்று கூடும். நிரலில் வரும் பிழைகளில் பெரும்பகுதியை இந்த இரண்டு எண்களே காட்டிக் கொடுத்துவிடும்.

ஸ்மோலுகோவ்ஸ்கியின் சமன்பாட்டைச் சொற்களில் எழுதிப் பாருங்கள்

போலந்து இயற்பியலாளர் மரியான் ஸ்மோலுகோவ்ஸ்கி 1916-இல், கூழ்மத் துகள்கள் திரள்வதற்கான சமன்பாட்டை எழுதினார். திரவ மூலக்கூறுகள் இடிப்பதால் நுண்துகள்கள் ஒழுங்கின்றி அலையும் பிரௌனியன் இயக்கத்தை ஆழமாக ஆராய்ந்தவர் அவர். அடுத்த ஆண்டே இறந்துபோனார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இத்துறை அவருடைய சமன்பாட்டிலிருந்தே தொடங்குகிறது.

குறியீடுகள் கண்ணை மறைக்காமல் இருக்க, ஓர் அளவை மட்டும் எடுத்துக்கொள்வோம்: அளவு 4. இது எப்படி உண்டாகும்? ஒன்றும் மூன்றும் இணையலாம், அல்லது இரண்டும் இரண்டும் இணையலாம். வேறு வழியில்லை. எப்படிக் காணாமல் போகும்? எந்த அளவுள்ள திரளோடும் இணைந்து இன்னும் பெரிதாகிவிடும்போது. ஆகவே, அளவு 4-இன் எண்ணிக்கை மாறும் வேகம் என்பது, உண்டாக்கும் இணைவுகளின் வீதத்திலிருந்து அழிக்கும் இணைவுகளின் வீதத்தைக் கழித்தால் வருவது. ஒவ்வோர் இணைவின் வீதமும் மூன்று எண்களின் பெருக்கல்: முதல் வகைத் திரளின் செறிவு, இரண்டாம் வகைத் திரளின் செறிவு, அந்த இரு வகைகளுக்குமான இணைவு வீதக் கெழு. இதை எல்லா அளவுகளுக்கும் எழுதினால் அதுவே ஸ்மோலுகோவ்ஸ்கியின் சமன்பாடு.

ஓரிடத்தில் மட்டும் நின்று பாருங்கள். உண்டாகும் பகுதியில் எல்லாச் சோடிகளையும் கூட்டும்போது ‘ஒன்றும் மூன்றும்’, ‘மூன்றும் ஒன்றும்’ என ஒரே சோடி இருமுறை வருகிறது. அதனால்தான் அங்கே அரை என்ற காரணி நிற்கிறது. இரண்டும் இரண்டும் இணையும் சோடி ஒருமுறைதான் வருகிறதே என்று தோன்றும்; ஒரே வகையில் பல திரள்கள் இருந்தால், சோடிகளின் எண்ணிக்கை வர்க்கத்தில் ஏறத்தாழ பாதிதான். எனவே அந்த அரை அங்கும் பொருந்துகிறது. இந்தக் காரணியை விட்டுவிட்டால் மொத்த நிறை கூடிக்கொண்டே போகும்.

சமன்பாட்டுக்குள் மூன்று அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒரே நேரத்தில் இரண்டு திரள்கள் மட்டுமே மோதுகின்றன. கலவை எங்கும் சீராக இருக்கிறது. ஒரு திரளுக்குத் தன் அளவைத் தவிர வேறு நினைவு கிடையாது. துகள்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் இடத்தில் இவற்றை நம்பாதீர்கள்.

மிக எளிய வீதத்தில் தொடங்குங்கள்

எந்த இரு திரள்களுக்கும் இணைவு வீதக் கெழு ஒன்றே என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் தனித்துகள்கள் மட்டும். இந்த நிலைக்குச் சமன்பாட்டைக் கையாலேயே தீர்க்கலாம். தொடக்கச் செறிவையும் கெழுவையும் பெருக்கி, 2-ஐ அதனால் வகுத்தால் ஒரு நேரம் கிடைக்கும். அதை அரைநேரம் என்போம். தொடங்கி ஓர் அரைநேரம் ஆனதும் திரள்களின் எண்ணிக்கை பாதியாகிறது. ஆனால் அடுத்த அரைநேரத்தில் காற்பங்காவதில்லை, மூன்றிலொன்றுதான், அதற்கடுத்ததில் நான்கிலொன்று. கதிரியக்கச் சிதைவு போன்றதல்ல இது. திரள்கள் குறையக் குறைய, ஒன்றையொன்று சந்திப்பதும் அரிதாகிறது.

ஆயிரம் தனித்துகள்களோடு தொடங்கினால், ஓர் அரைநேரம் முடியும்போது எஞ்சும் 500 திரள்களில் 250 இன்னும் தனித்துகள்கள், 125 இரட்டைகள், ஏறத்தாழ 62 மும்மைகள். ஒவ்வோர் அளவும் முந்தையதில் பாதி. ஒன்பது அரைநேரம் கழித்துப் பாருங்கள்: 100 திரள்கள், சராசரி அளவு 10. அப்போதும் எண்ணிக்கையில் முதலிடம் தனித்துகள்களுக்கே. அவை 10 இருக்கும், இரட்டைகள் 9. ஆனால் அந்தப் பத்தின் நிறை மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குதான். எண்ணிக்கை சொல்வதும் நிறை சொல்வதும் இவ்வளவு வேறுபடும்.

அதனால் ‘சராசரி அளவு’ என்று யாராவது சொன்னால், எந்தச் சராசரி என்று கேளுங்கள். திரள்களை எண்ணி எடுத்த சராசரி மேற்சொன்ன நிலையில் 10. ஏதேனும் ஒரு தனித்துகளைக் கண்ணை மூடித் தொட்டு, அது எவ்வளவு பெரிய திரளில் இருக்கிறது என்று கேட்டு எடுத்த சராசரி 19. ஒளிச்சிதறலால் அளக்கும் கருவிக்குப் பெரிய திரள்களே பளிச்சென்று தெரியும். ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய திரள் சிதறடிக்கும் ஒளி அதன் நிறையின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. கருவி ஒரு சராசரியைக் காட்ட, கணக்கு இன்னொன்றைக் காட்ட, இரண்டும் பொருந்தவில்லையே என்று கலங்குபவர்கள் உண்டு. குறை பெரும்பாலும் கோட்பாட்டில் இருக்காது.

வீதம் எங்கிருந்து வருகிறது

மாறாத கெழு என்பது வெறும் பயிற்சிக்காகச் செய்த கற்பனை என்று எண்ண வேண்டாம். திரவத்தில் பிரௌனியன் இயக்கத்தால் அலையும் இரு கோளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய துகள் மெதுவாக விரவுகிறது. அதே சமயம் மோதுவதற்கு அகன்ற இலக்காகவும் இருக்கிறது. இரு துகள்களும் ஒரே அளவாக இருந்தால் இந்த இரண்டு விளைவுகளும் ஒன்றையொன்று முற்றாக ஈடுகட்டிவிடுகின்றன. கெழுவில் துகளின் அளவே இல்லாமல் போகிறது. வெப்பநிலையும் திரவத்தின் பாகுநிலையும் மட்டும் எஞ்சுகின்றன. 25 டிகிரி செல்சியஸில் நீருக்கு அதன் மதிப்பு நொடிக்கு ஏறத்தாழ 1.2×10⁻¹⁷ கன மீட்டர். ஆரங்கள் பத்து மடங்கு வேறுபட்டால்கூட இந்த மதிப்பு மூன்று மடங்குதான் உயரும்.

இதை வைத்து ஓர் உண்மையான அரைநேரத்தைக் கணக்கிடுங்கள். ஒரு கன மீட்டர் நீரில் 10¹⁵ துகள்கள். எண் மலைப்பைத் தந்தாலும், ஒவ்வொன்றின் ஆரமும் 100 நானோமீட்டர் என்றால் அவை அடைக்கும் இடம் நீரின் கன அளவில் பத்து லட்சத்தில் நான்கு பங்குதான். அரைநேரம் 160 நொடி சொச்சம். பத்து மடங்கு நீர்த்தால் 27 நிமிடத்துக்கு மேல். ஆய்வகத்தில் மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதற்குள் பாதி திரண்டிருக்கும் என்பதை இந்தக் கணக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

மேற்கண்டது மோதியதெல்லாம் ஒட்டிவிடும் என்ற நிலைக்கு. துகள்களின் மேற்பரப்பில் ஒரே வகை மின்னூட்டம் இருந்தால் அவை நெருங்கும்போது விலக்கிக்கொள்ளும். மிக அருகில் மட்டும் வலுக்கும் வாண்டர் வால்ஸ் ஈர்ப்பு வெல்லும் நெருக்கத்தை அடையாமலே பிரிந்துவிடும். தெரியாகினும் லண்டாவும் 1941-இலும், வெர்வேயும் ஓவர்பீக்கும் 1948-இலும் இந்தப் போட்டியைக் கணக்காக்கினார்கள். உப்பைக் கரைத்தால் விலக்கம் எட்டும் தொலைவு சுருங்கும், ஒட்டும் வாய்ப்பு உயரும். துகளுக்கு எதிரான மின்னூட்டமுள்ள அயனியின் இணைதிறன் கூடினால் மிகக் குறைந்த உப்பே போதும். கலங்கல் நீரைத் தெளியவைக்க அலுமினியம், இரும்பு உப்புகளைத் தேர்ந்தெடுப்பதற்கு இது ஒரு காரணம். கணக்கில் இதை நுழைக்க எளிய வழி, கெழுவை ஒட்டும் நிகழ்தகவால் பெருக்குவது. நூறு மோதலில் ஒன்றுதான் ஒட்டுகிறது என்றால் அரைநேரமும் நூறு மடங்காகும்.

திரவத்தைக் கலக்கினால் கதை மாறுகிறது. பக்கத்துப் பக்கத்து அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் நகர்வதால் ஒரு துகள் இன்னொன்றை எட்டிப் பிடிக்கிறது. அடுக்குக்கு அடுக்கு வேகம் மாறும் வீதமே திசைவேகச் சரிவு. இந்த வகை மோதலின் கெழு, அந்தச் சரிவை ஆரங்களின் கூட்டுத்தொகையின் கனத்தால் பெருக்கி, மூன்றில் நான்கு என்ற காரணியைச் சேர்த்தால் வரும். ஆரம் 1 மைக்ரோமீட்டர், திசைவேகச் சரிவு நொடிக்கு 1 என்றால் இது நீரில் பிரௌனியன் கெழுவுக்கு ஏறத்தாழச் சமம். ஆரம் 5 மைக்ரோமீட்டர் ஆனால் 125 மடங்கு. சிறிய துகள்களைப் பிரௌனியன் இயக்கம் சேர்த்து வைக்கிறது. மைக்ரோமீட்டரைத் தாண்டியதும் ஓட்டம் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது.

எந்தக் கெழுவைக் கண்டாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இரு திரள்களின் நிறையையும் இரட்டிப்பாக்கினால் கெழு எத்தனை மடங்காகும்? மாறவில்லை என்றால் சராசரி அளவு நேரத்துக்கு நேர் விகிதத்தில் வளரும். இரட்டிப்பானால், அளவே பன்மடங்காகப் பெருகிக்கொண்டு போகும்; கெட்டியான கோளங்கள் ஓட்டத்தில் மோதுவது இந்த வகை. இரட்டிப்புக்கும் மேல் உயர்ந்தால் ஆச்சரியமான ஒன்று நடக்கிறது: குறிப்பிட்ட ஒரு நேரத்தில், முடிவுள்ள நேரத்தில், எல்லையற்ற ஒரு திரள் தோன்றிவிடுகிறது. ஜெல் உருவாவது இப்படித்தான். கெழு இரு நிறைகளின் பெருக்கலாக இருக்கும் நிலைக்குக் கையாலேயே விடை காணலாம். பலபடிச் சேர்மங்களுக்கு ஃப்ளோரி 1941-இல் கண்ட ஜெல் புள்ளி இதே கணக்குதான். அந்தப் புள்ளியைக் கடந்ததும், உங்கள் பட்டியலில் உள்ள திரள்களின் மொத்த நிறை குறையத் தொடங்கும். இங்கே மட்டும் அது பிழையன்று. குறைந்த நிறை அந்த ஒற்றை மாபெரும் திரளுக்குப் போயிருக்கிறது.

இப்போது வடிவம்

துகள்கள் தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டால் திரள் உருண்டையாக இருக்காது. கிளைத்து, ஓட்டையும் இடைவெளியுமாக இருக்கும். ஆரம் வளரும்போது நிறை ஆரத்தின் கனத்துக்கு ஏற்ப உயராமல் அதைவிடக் குறைந்த ஓர் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. அந்த அடுக்கே ஃபிராக்டல் பரிமாணம். மோதியதும் ஒட்டும் நிலையில் இது ஏறத்தாழ 1.8, பலமுறை மோதிய பிறகே ஒட்டும் நிலையில், திரள்கள் ஒன்றுக்குள் ஒன்று ஆழமாக நுழைய நேரம் கிடைப்பதால் ஏறத்தாழ 2.1. தங்கக் கூழ்மத்தைத் திரளவைத்து வைட்ஸும் ஒலிவேரியாவும் 1984-இல் முதல் மதிப்புக்கு அருகில் அளந்து காட்டினார்கள்.

இதே இடத்தில் ஒரு குழப்பமும் பரவலாக இருக்கிறது. விட்டனும் சாண்டரும் 1981-இல் முன்வைத்த புகழ்பெற்ற மாதிரியில், நிலையாக நிற்கும் ஒரே திரளின்மேல் தனித்துகள்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டுகின்றன. முப்பரிமாணத்தில் அதன் பரிமாணம் ஏறத்தாழ 2.5. கூழ்மத்தில் நடப்பது அதுவன்று. அங்கே திரளும் திரளும் மோதுகின்றன. படத்தின் அழகைப் பார்த்து 2.5-ஐ எடுத்துக் கணக்கில் போடாதீர்கள்.

வேறுபாடு எவ்வளவு என்று பார்க்க ஆயிரம் துகள்கள் கொண்ட திரளை எடுங்கள். கெட்டியாக இருந்தால் அதன் ஆரம் தனித்துகளின் ஆரத்தைப் போல் பத்து மடங்கு. பரிமாணம் 1.8 என்றால் 46 மடங்கு. அதே நிறை, நூறு மடங்கு இடத்தில் கைவிரித்து நிற்கிறது. ஓட்டத்தில் மோதும் வாய்ப்பு அதற்கேற்ப எகிறும். உடையும் வாய்ப்பும் கூடவே எகிறும், ஏனென்றால் அந்தக் கிளைகளைத் தாங்கி நிற்பவை ஒற்றை ஒற்றைத் தொடுபுள்ளிகள்.

உடைதல்: எப்போது, எதுவாக

உடைவைக் கணக்கில் சேர்க்க இரண்டு தனித்தனித் தகவல்கள் வேண்டும். ஓர் அளவுள்ள திரள் எவ்வளவு அடிக்கடி உடைகிறது? உடைந்தால் எந்தெந்த அளவுத் துண்டுகள் கிடைக்கின்றன? இரண்டாவதற்குப் பல விடைகள் உண்டு. நடுவில் பிளக்கலாம், ஓரத்தில் ஒரு தனித்துகள் மட்டும் உதிரலாம், தூள்தூளாகச் சிதறலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும், துண்டுகளின் அளவுகளைக் கூட்டினால் உடைந்த திரளின் அளவு அப்படியே வர வேண்டும். இதைக் காகிதத்தில் சரிபார்த்த பிறகே நிரலில் எழுதுங்கள்.

எது உடைக்கிறது என்பதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த கேள்வி. வெப்ப அசைவால் ஒரு பிணைப்பு தானாக விடுபடலாம். திரவ ஓட்டம் இழுத்துப் பிய்க்கலாம். இன்னொரு திரள் வந்து மோதி உடைக்கலாம். முதல் இரண்டிலும் உடையும் வீதம், திரளின் செறிவுக்கு நேர் விகிதம். மூன்றாவதில், மோதலுக்கு இருவர் வேண்டும் என்பதால், செறிவின் வர்க்கத்துக்கு நேர் விகிதம். இணைவும் எப்போதுமே வர்க்கம்தான். இதிலிருந்து ஓர் எளிய சோதனை பிறக்கிறது. மாதிரியை இரு மடங்கு நீர்த்துப் பாருங்கள். உடைவு தானாகவோ ஓட்டத்தாலோ நிகழ்ந்தால், இணைவு மட்டும் பின்தங்கும். திரள்கள் சிறுத்துப் புதிய நிலையில் அமையும். உடைவும் மோதலால்தான் என்றால் இரண்டும் ஒரே அளவு பின்தங்கும். நிலைத்த பரவலின் வடிவம் மாறாது, அதை அடைய ஆகும் காலம் மட்டும் நீளும். ஒரு குவளை நீரால் உடைவின் காரணத்தையே கண்டுபிடித்துவிடலாம்.

இணைவே இல்லாமல் உடைவு மட்டும் நடந்தால் என்ன ஆகும்? ஒவ்வோர் உடைவும் பழைய உடைவுகளைச் சாராமல், ஒரே விகிதப் பரவலில் நடந்தால், துண்டுகளின் அளவின் மடக்கை இயல்நிலைப் பரவலை நெருங்கும் என்று கொல்மகோரவ் 1941-இல் காட்டினார். அரைத்த தூளின் அளவுப் பரவலில் இந்த வடிவத்தை முதலில் தேடிப் பார்ப்பது நல்லது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்

கையால் தீர்க்கக்கூடிய ஒரே ஒரு கலவை போதும். திரள்களைச் சங்கிலிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துத் துகள் கொண்ட சங்கிலியில் ஒன்பது பிணைப்புகள். எந்த இரு சங்கிலிகளும் ஒரே கெழுவோடு இணைகின்றன. எந்தப் பிணைப்பும் ஒரே வீதத்தில் அறுகிறது. பலபடிகளுக்காக பிளாட்ஸும் டோபோல்ஸ்கியும் 1945-இல் ஆராய்ந்த மாதிரி இது.

நேரத்தை அரைநேரத்தால் அளந்து, திரள்களின் எண்ணிக்கையைத் தொடக்க எண்ணிக்கையின் பின்னமாக எழுதினால், கணக்கு இரண்டே உறுப்புகளாகச் சுருங்குகிறது. இணைவால் எண்ணிக்கை குறையும் வேகம், அந்தப் பின்னத்தின் வர்க்கம். அறுவதால் கூடும் வேகம், அறும் வீதத்தையும் எஞ்சியிருக்கும் பிணைப்புகளையும் பெருக்கினால் வருவது. பிணைப்புகள் என்பவை ஒன்றிலிருந்து அந்தப் பின்னத்தைக் கழித்தது. இரண்டும் சமமாகும் இடத்தில் திரள்களின் எண்ணிக்கை நிலைபெறுகிறது. ஓர் அரைநேரத்தில் ஒரு பிணைப்பு அறும் வீதம் 0.01 என்றால் பின்னம் 0.0951, சராசரி அளவு 10.5. வீதத்தை நூறு மடங்கு குறைத்து 0.0001 ஆக்குங்கள், சராசரி அளவு 100.5. பிணைப்பு நூறு மடங்கு உறுதியாகியும் திரள் பத்து மடங்குதான் பெரிதாகிறது. பலருடைய ஊகம் இங்கே தவறிப்போகிறது. நிலைபெற்றுவிட்டது என்பதால் எல்லாம் ஓய்ந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு கணமும் இணைவும் அறுதலும் நடந்துகொண்டேதான் இருக்கின்றன.

கணினியில் எழுதும் முறை

சமன்பாட்டை நேரடியாகத் தீர்ப்பதைவிட, சமவாய்ப்பு எண்களால் ஒவ்வொரு நிகழ்வையும் நடத்திப் பார்ப்பதையே தொடக்கநிலையில் பரிந்துரைப்பேன். மேகத்துளிகளின் இணைவுக்காக கில்லெஸ்பி 1975-இல் எழுதிய முறையே அடிப்படை. மேலே சொன்ன சங்கிலி மாதிரியை இப்படி எழுதலாம்.

10,000 உறுப்புகள் கொண்ட பட்டியலை எடுத்து, எல்லாவற்றிலும் 1 என்று நிரப்புங்கள். இப்போது எத்தனை திரள்கள் இருக்கின்றனவோ அந்த எண்ணை, அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி 10,000-ஆல் வகுங்கள். இது மொத்த இணைவு வீதம். 10,000-இலிருந்து திரள்களின் எண்ணிக்கையைக் கழித்தால் பிணைப்புகள். அதை அறும் வீதத்தால் பெருக்கினால் மொத்த உடைவு வீதம். இரண்டையும் கூட்டுங்கள். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுத்து, அதன் இயல் மடக்கையின் குறியை மாற்றி, கூட்டுத்தொகையால் வகுத்தால் அடுத்த நிகழ்வு வரை காத்திருக்க வேண்டிய நேரம் கிடைக்கும். கடிகாரத்தை அவ்வளவு தள்ளுங்கள். பிறகு இன்னொரு சமவாய்ப்பு எண்ணால், இணைவா உடைவா என்பதை அவற்றின் வீதங்களின் விகிதத்தில் முடிவு செய்யுங்கள்.

இணைவு என்றால் வெவ்வேறான இரு உறுப்புகளை எடுத்து, ஒன்றில் கூட்டுத்தொகையை எழுதி மற்றதை நீக்குங்கள். நீக்கிய இடத்தில் பட்டியலின் கடைசி உறுப்பைக் கொண்டுவந்து வைத்தால் வேலை வேகமாக நடக்கும். உடைவு என்றால் இங்கே கவனம் வேண்டும்: எல்லாத் திரள்களுக்கும் சம வாய்ப்பு கொடுக்கக் கூடாது. பிணைப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப, அதாவது அளவில் ஒன்று குறைத்த எண்ணுக்கு ஏற்ப வாய்ப்புக் கொடுத்துத் திரளைத் தேர்ந்தெடுத்து, பிறகு அதன் பிணைப்புகளில் ஒன்றைச் சமவாய்ப்பில் வெட்டுங்கள்.

முதல் ஓட்டத்தில் அறும் வீதத்தைப் பூஜ்யமாக வையுங்கள். கடிகாரம் 1 காட்டும்போது ஏறத்தாழ 5,000 திரள்கள், 2,500 தனித்துகள்கள், 1,250 இரட்டைகள், 625 மும்மைகள் இருக்க வேண்டும். மொத்த எண்ணிக்கையில் வித்தியாசம் பெரும்பாலும் நூறுக்குள் இருக்கும். ஆயிரக்கணக்கில் விலகினால் நிரலில் எங்கோ ஓர் அரையோ இரண்டோ தவறியிருக்கிறது. அடுத்து வீதத்தை 0.01 ஆக்கி, கடிகாரம் 50 வரை ஓடவிடுங்கள். 951-ஐச் சுற்றி எண்ணிக்கை ஊசலாட வேண்டும். தனித்துகள்கள் 90-ஐச் சுற்றி. பிறகு தொடக்கத்தை மாற்றுங்கள்: 10,000 துகள்களும் ஒரே சங்கிலியாக இருக்கட்டும். அங்கிருந்து தொடங்கினாலும் அதே 951-க்கு வந்து சேர வேண்டும். இரு திசையிலிருந்தும் ஒரே இடத்துக்கு வந்தால் நிரலை நம்பலாம்.

கெழு அளவைச் சார்ந்திருக்கும்போது, சாத்தியமான மிகப் பெரிய கெழுவை வைத்து மொத்த வீதத்தைக் கணக்கிடுங்கள். சோடியைத் தேர்ந்தெடுத்த பிறகு, அதன் உண்மைக் கெழுவுக்கும் அந்தப் பெரிய கெழுவுக்கும் உள்ள விகிதத்தை நிகழ்தகவாக வைத்து இணைவை ஏற்கவோ தள்ளவோ செய்யுங்கள். தள்ளினாலும் கடிகாரம் நகர வேண்டும். உடைவில்லாத ஓட்டத்தில் திரள்கள் குறைந்துகொண்டே போய்ப் புள்ளிவிவரம் மெலிந்துவிடும். எண்ணிக்கை பாதியானதும் பட்டியலை அப்படியே படியெடுத்துச் சேர்த்து, கன அளவையும் இரட்டிப்பாக்கினால் ஓட்டத்தைத் தொடரலாம்.

சமன்பாட்டை நேரடியாகத் தீர்க்க விரும்பினால் பட்டியலை ஏதாவது ஓர் உச்ச அளவில் வெட்டியாக வேண்டும். அந்த எல்லையைத் தாண்டி நிறை கசியும். ஒவ்வொரு படியிலும் மொத்த நிறையை அச்சிட்டுப் பாருங்கள்.

அளவீட்டோடு ஒப்பிடும்போது

பரவலை வரையும்போது இரு அச்சுகளையும் மடக்கை அளவில் வையுங்கள். பெரிய அளவுகளில் ஒன்றிரண்டு திரள்களே இருப்பதால் புள்ளிகள் சிதறித் தெரியும். அளவு இடைவெளிகளை ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் இரு மடங்கு அகலமாக எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள எண்ணிக்கையை அதன் அகலத்தால் வகுத்தால் வளைவு தெளியும். சங்கிலி மாதிரியின் நிலைத்த பரவல் ஓரிடத்தில் செங்குத்தாக வளைந்து விழும். நேர்கோடாக வந்தால் அது அடுக்கு விதி, அதாவது எண்ணிக்கை அளவின் ஏதோ ஓர் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது.

சனியின் வளையங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்டிமீட்டரிலிருந்து ஏறத்தாழ பத்து மீட்டர் வரை, ஆரத்துக்கு எதிராகத் துகள்களின் எண்ணிக்கை மூன்றுக்கு அருகிலான அடுக்கில் குறைகிறது. அதற்கு மேல் சட்டென்று அற்றுப்போகிறது. மோதி ஒட்டுவதும் மோதி உடைவதும் சமநிலையில் இருந்தால் இந்த அடுக்கும் இந்தத் திடீர் முடிவும் கிடைக்கும் என்று பிரிலியன்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் காட்டினார்கள். ஒட்டுதலே இல்லாமல் மோதி உடைவது மட்டும் தொடரும் சிறுகோள்களுக்கு டோனானி 1969-இல் பெற்ற அடுக்கு 3.5. இரண்டு எண்களும் அவ்வளவு தூரத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு சாய்வை மட்டும் அளந்துவிட்டு, இயங்குமுறையைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவிப்பது அவசரம்.

ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு வானியலாளர்களுக்குக் கிடைக்காத வசதி ஒன்று இருக்கிறது. நிலைமைகளை மாற்றிப் பார்க்கலாம். நீர்த்துப் பார்ப்பதை முன்பே சொன்னேன். இன்னொன்று, கலக்கும் வேகத்தை உயர்த்தி, திரள்கள் சிறுத்து நிலைபெற்ற பிறகு பழைய வேகத்துக்குத் திரும்புவது. நமது மாதிரிப்படி திரள்கள் பழைய அளவுக்கே மீண்டும் வளர வேண்டும். படிகாரத்தால் உண்டான திரள்கள் பெரும்பாலும் அப்படி முழுமையாக மீள்வதில்லை; உடைந்த பரப்புகள் முன்போல் ஒட்டுவதில்லை. அதாவது ஒரு திரளுக்குத் தன் அளவைத் தவிர வேறு நினைவு இல்லை என்ற அனுமானம் அங்கே முறிகிறது. அப்படிப்பட்ட தரவு கையில் வந்தால், ‘உடைந்து வந்தது’, ‘உடையாதது’ என்று ஒவ்வொரு திரளுக்கும் ஒரு குறி சேர்த்து, முன்னதன் ஒட்டும் நிகழ்தகவை மட்டும் குறைத்து, மேற்சொன்ன நிரலையே மறுபடி ஓட்டிப் பாருங்கள். பட்டியலில் ஒரு நெடுவரிசை கூடும், அவ்வளவுதான்.